நோட்டர் டேமா, என்.எஃப்.எல்.லா: மார்கஸ் ஃப்ரீமன் முன்னுள்ள வழிகள்

நாற்பது வயதைத் தொடுமுன்பே ஒரு கல்லூரி அணியைத் தேசிய இறுதிப்போட்டி வரை கொண்டுசென்ற பயிற்சியாளரைத் தொழில்முறை அணிகள் தேடி வராமல் இருக்காது. அமெரிக்கக் கால்பந்தில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் மார்கஸ் ஃப்ரீமனுக்கு நேர்ந்திருப்பது இதுதான். 2025 பருவம் முடிந்ததும், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் காலியான பதவிகளோடு சேர்த்து அவர் பெயரும் அடிபட்டது. அவர் நோட்டர் டேமிலேயே நீடித்தார். ஆனால் கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் அது மறுபடி எழும்; அணி நன்றாக ஆடும் ஆண்டுகளில் இன்னும் உரக்க எழும். இருக்கும் இடத்திலேயே இருப்பது, என்.எஃப்.எல்.லுக்குப் போவது, வேறொரு பெரிய கல்லூரிக்கு மாறுவது ஆகிய மூன்று வழிகள் அவர் முன் இருக்கின்றன. அவர் இதுவரை கடந்துவந்த பாதையை வைத்து இவற்றை எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்னும் நான்கைந்து ஆண்டுகளாவது அவர் நோட்டர் டேமில் இருப்பதே நல்லது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பழம்பெருமையை நினைத்து நான் இதைச் சொல்லவில்லை. ஃப்ரீமன் எப்படிப் பயிற்சியாளராக உருவானார் என்பதைப் பார்த்தே சொல்கிறேன்.

ஃப்ரீமன் 1986 ஜனவரியில் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவர். தந்தை விமானப்படையில் பணியாற்றியவர். தாய் தென் கொரியாவைச் சேர்ந்தவர். ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஜிம் டிரெஸ்ஸலின் கீழ், தற்காப்பின் நடுவரிசையில் நிற்கும் லைன்பேக்கராக ஆடினார். அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டில், 2009ஆம் ஆண்டு ஐந்தாவது சுற்றில் சிகாகோ பேர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது; ஆனால் அங்கும் அதற்குப் பின் போன இடங்களிலும் அவரால் நிலைக்க முடியவில்லை. இதயம் இயல்பைவிடப் பெரிதாக இருப்பது மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்ததால், 2010இல் ஆட்டத்தையே விட்டுவிட நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 24. அதே ஆண்டு ஓஹையோ ஸ்டேட்டுக்கே திரும்பி, பயிற்சியாளர் வரிசையின் கடைசிப் படியான பட்டதாரி உதவியாளர் பணியில் சேர்ந்தார். 2011இல் கென்ட் ஸ்டேட்டுக்கும் 2013இல் பர்டூவுக்கும் சென்றார்.

பர்டூவில் அவர் கழித்த நான்கு ஆண்டுகளைப் பலரும் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அவை முக்கியமாகப் படுகின்றன. தலைமைப் பயிற்சியாளர் டாரல் ஹேசலின் கீழ் அந்த அணி ஆடிய 42 ஆட்டங்களில் வென்றவை 9 மட்டுமே. 2016 பருவத்தின் நடுவிலேயே ஹேசல் நீக்கப்பட்டார். வென்றுகொண்டே இருக்கும் அணிகளில் மட்டும் வளர்ந்த உதவியாளர்களுக்கு, தொடர்ந்து தோற்கும் இருபது வயது இளைஞர்களை அடுத்த வாரப் பயிற்சிக்கு எப்படி எழுப்புவது என்று கற்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. ஃப்ரீமனுக்கு அது முப்பது வயதுக்குள் வேண்டிய மட்டும் கிடைத்தது.

2017இல் லூக் ஃபிக்கல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றபோது ஃப்ரீமனைத் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக அழைத்துக்கொண்டார். ஃப்ரீமன் ஓஹையோ ஸ்டேட்டில் ஆடிய நாள்களில் அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஃபிக்கல். முதல் பருவத்தில் 4 வெற்றி, 8 தோல்வி; அடுத்த ஆண்டே 11-2, அதன்பின் 11-3, 2020இல் 9-1 என்று அணி ஏறியது. 2021 தொடக்கத்தில் நோட்டர் டேமின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் பிரையன் கெல்லி ஃப்ரீமனைத் தன் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக ஆக்கினார். அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் கெல்லி திடீரென லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட, டிசம்பர் 3 அன்று 35 வயது ஃப்ரீமன் தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன் அவர் எந்த அணிக்கும் தலைமைப் பொறுப்பு வகித்ததில்லை. அணியின் கூட்ட அறைக்குள் அவர் நுழைந்ததும் வீரர்கள் இருக்கைகளை விட்டு எழுந்து ஓடிவந்து அவரை மொய்த்துக்கொண்ட காணொளி அப்போது பரவலாகப் பார்க்கப்பட்டது. பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகத்தின் வேலை. ஆனால் இந்தத் தேர்வை வீரர்கள் எவ்வளவு விரும்பியிருந்தார்கள் என்பது அந்தச் சில நொடிகளிலேயே விளங்கியது.

அந்த உற்சாகம் களத்தில் உடனே வெற்றியாக மாறவில்லை. 2022 ஜனவரி 1 அன்று, பருவ முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டங்களில் ஒன்றான ஃபியஸ்டா பவுலில் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு எதிராக 28-7 என முன்னிலை பெற்றிருந்தும் 37-35 எனத் தோற்றார்கள். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் ஓஹையோ ஸ்டேட்டிடம் 21-10 எனத் தோல்வி. அதற்கடுத்த வாரம் சொந்த மைதானத்தில், எவரும் எதிர்பாராத வகையில், மார்ஷல் பல்கலைக்கழகத்திடம் 26-21 எனத் தோல்வி. பொறுப்பேற்ற முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்த பயிற்சியாளர் நோட்டர் டேம் வரலாற்றில் அதற்கு முன் இருந்ததில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டிடமும் சொந்த மைதானத்தில் 16-14 என வீழ்ந்தார்கள். கிளெம்சனை 35-14 என வென்றதும் பருவத்தை 9-4 என முடித்ததும் ஓரளவு ஆறுதல் தந்தன.

2023 செப்டம்பர் 23 அன்று நடந்ததுதான் இவற்றுள் மிகவும் வலித்த தோல்வி. சொந்த ஊரான சவுத் பெண்டில் ஓஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக நோட்டர் டேம் 14-10 என முன்னிலையில் இருந்தது. சில நொடிகளே மீதமிருக்க, பந்து நோட்டர் டேமின் எல்லைக்கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் இருந்தது. அந்த ஆட்டத்தின் கடைசி இரண்டு முயற்சிகளின்போதும் நோட்டர் டேமின் தற்காப்பில் பதினொரு பேருக்குப் பதில் பத்துப் பேரே நின்றார்கள். குறையைக் கவனித்தபோது ஆட்டத்தை நிறுத்தக் கையில் இடைவேளை எதுவும் இல்லை. தாமதமாக ஒருவரை உள்ளே ஓடவிட்டால் பெனால்டி விழும். ஒரு நொடி மீதமிருக்கையில் ஓஹையோ ஸ்டேட் வீரர் பந்துடன் கோட்டைக் கடந்தார்; 17-14. ஆள் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது பயிற்சியாளர்களின் அடிப்படைக் கடமை என்பதால், தலைமைக்குத் தகுந்த அனுபவம் அவருக்கு இல்லை என்று எழுதியவர்களை அப்போது குறைசொல்லவும் முடியவில்லை.

2024 செப்டம்பர் 7 அன்று நிலைமை இன்னும் மோசமானது. முந்தைய வாரம் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தை அதன் மைதானத்திலேயே 23-13 என வீழ்த்திவிட்டு வந்த அணி, நான்கு டச்டவுன் வித்தியாசத்தில் வெல்லும் என்று கணிக்கப்பட்ட ஆட்டத்தில், நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 எனத் தோற்றது. அதன்பின் அந்த அணி ஒரு தோல்விகூட இல்லாமல் 13 ஆட்டங்களை வரிசையாக வென்றது. தேசியப் பட்டத்துக்காகப் புதிதாக வந்த 12 அணி பிளேஆஃப் சுற்றில் இந்தியானாவை 27-17 எனவும், சுகர் பவுலில் ஜார்ஜியாவை 23-10 எனவும், ஆரஞ்சு பவுலில் பென் ஸ்டேட்டைக் கடைசி நொடிகளில் அடித்த ஃபீல்டு கோலால் 27-24 எனவும் வென்று, 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நடந்த இறுதிப்போட்டியில் ஓஹையோ ஸ்டேட்டிடம் 34-23 எனத் தோற்றது. கல்லூரிக் கால்பந்தின் உயர்பிரிவில் தேசிய இறுதிப்போட்டிக்கு அணியைக் கொண்டுசென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஃப்ரீமன். ஆசிய வம்சாவளியினரிலும் அவரே முதல்வர்.

இந்த ஓட்டத்தில் ஒரு காட்சியை மட்டும் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஜார்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தின் நான்காவது கால் பகுதியில் நோட்டர் டேம் 23-10 என முன்னிலையில் இருந்தது. தன் பக்கத்து 18 யார்டு கோட்டருகே நான்காவது முயற்சி; பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி. தேவை ஒரு யார்டு. வழக்கம்போல் பந்தை உதைத்து அனுப்பும் பதினொருவர் களத்தில் வந்து நின்றார்கள். பிறகு அந்தப் பதினொருவரும் ஒரே சமயத்தில் வெளியே ஓட, தாக்குதல் அணியின் பதினொருவர் உள்ளே ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். ஜார்ஜியா அவசர அவசரமாக ஆட்களை மாற்றியது. குழப்பத்தில் ஒரு வீரர் முந்திக் கோட்டைத் தாண்ட, பெனால்டியால் நோட்டர் டேமுக்குப் புதிய முயற்சிகள் கிடைத்தன. ஆட்டத்தின் நேரமும் கரைந்தது. பதினைந்து மாதங்களுக்கு முன் ஒரு வீரரைக் களத்தில் சேர்க்கத் தவறி ஆட்டத்தை இழந்த பயிற்சிக் குழு, இப்போது இருபத்திரண்டு வீரர்களைச் சில நொடிகளில் மாற்றி எதிரணியைத் தடுமாற வைத்தது. ஃப்ரீமன் எதைக் கற்றார் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஆட்டத்தைத்தான்.

அவர் கற்றது சரி. கற்பதற்கு அவகாசம் எங்கிருந்து வந்தது என்பதே இந்த ஒப்பீட்டில் முதன்மையான கேள்வி. மார்ஷல் தோல்விக்குப் பிறகும், பத்துப் பேர் நின்ற ஆட்டத்துக்குப் பிறகும், நார்தர்ன் இல்லினாய்க்குப் பிறகும் நோட்டர் டேம் நிர்வாகம் அவரை மாற்றுவது பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. 2024 டிசம்பரில் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தது. என்.எஃப்.எல்.லில் இதே வரிசையில் இதே தவறுகள் நிகழ்ந்திருந்தால் அவர் மூன்றாவது பருவத்தைப் பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

இனி என்.எஃப்.எல். வழியை அதற்குரிய நியாயத்துடன் பார்ப்போம். அதன் ஈர்ப்பு உண்மையானது. அதை வெறும் பண ஆசையாகக் கருதுவது தவறு. 2025 பருவத்தில் நோட்டர் டேம் முதலில் மயாமி பல்கலைக்கழகத்திடம் 27-24 எனவும், அடுத்து டெக்சஸ் ஏ அண்டு எம்மிடம் 41-40 எனவும் தோற்றது. இரண்டு தோல்விகளுக்கும் சேர்த்து மொத்த வித்தியாசம் நான்கே புள்ளிகள். அதன்பின் மீதியிருந்த 10 ஆட்டங்களையும் வென்றது. பருவத்தின் கடைசி வாரத் தரவரிசைக்கு முன்புவரை மயாமிக்கு மேலே இருந்த நோட்டர் டேம், இரு அணிகளுமே ஆடாத வார இறுதிக்குப் பிறகு அதற்குக் கீழே இறக்கப்பட்டு, பிளேஆஃபுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. நேருக்கு நேர் ஆட்டத்தில் மயாமி வென்றிருந்தது என்பது பிளேஆஃப் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு சொன்ன காரணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த மயாமி அணி பின்னர் தேசிய இறுதிப்போட்டி வரை சென்றதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் காரணம் முந்தைய வாரங்களிலும் இருந்ததுதானே என்று கேட்ட நோட்டர் டேம் வீரர்களுக்கு எவரும் நிறைவான பதில் தரவில்லை. அணி வேறு பவுல் ஆட்டத்துக்கும் போக மறுத்துப் பருவத்தை முடித்துக்கொண்டது. என்.எஃப்.எல்.லில் இப்படி ஒரு குழு மேசையைச் சுற்றி அமர்ந்து எவருடைய பருவத்தையும் முடித்துவைப்பதில்லை. 17 ஆட்டங்கள், வெற்றி தோல்விக் கணக்கு, முன்பே எழுதப்பட்ட சமன் முறிப்பு விதிகள், அவ்வளவுதான். பத்து வாரம் தொடர்ந்து வென்றும் வெளியே நின்ற ஒரு பயிற்சியாளருக்கு அந்தத் தெளிவு கவர்ச்சியாகத் தெரிந்தால் அதில் வியப்பில்லை.

கல்லூரிப் பயிற்சியாளரின் வேலையும் மாறிவிட்டது. வீரர்கள் ஆண்டுதோறும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பதிவுமுறை வழியாக வேறு கல்லூரிக்கு மாறலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாக வருவாயைப் பகிர்ந்தளிக்கலாம். முதல் ஆண்டுக்கான வரம்பு கல்லூரி ஒன்றுக்குச் சுமார் 2.05 கோடி டாலர். பள்ளி மாணவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசுவது, இருக்கும் வீரர்களைத் தக்கவைப்பது, அடுத்த ஆட்டத்துக்குத் திட்டமிடுவது ஆகிய மூன்றும் டிசம்பரில் ஒரே வாரத்தில் வந்து நிற்கின்றன. இத்தனை பாரமும் சேர்ந்துவிட்டதால், தொழில்முறைக்கே போய்விடலாம் என்று நினைப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

இருந்தும் அந்தப் பக்கம் போனவர்களின் கதையைப் பார்த்தால் தயக்கம் வருகிறது. ஃப்ளோரிடாவில் கொடிகட்டிப் பறந்த ஸ்டீவ் ஸ்பரியர் வாஷிங்டனில் இரண்டு பருவங்களில் 12-20. நிக் சேபன் மயாமி டால்ஃபின்ஸில் இரண்டு பருவங்களில் 15-17. மேட் ரூல் ஏழாண்டு ஒப்பந்தத்துடன் கரோலினா போய், மூன்றாம் பருவத்தின் ஐந்தாவது ஆட்டத்துக்குப் பின் 11-27 என்ற கணக்கில் நீக்கப்பட்டார். அர்பன் மேயர் ஜாக்சன்வில்லில் 13 ஆட்டங்களே நீடித்தார். மறுபக்கத்தில் ஜிம் ஹார்பா ஸ்டான்ஃபோர்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்று நான்கு பருவங்களில் 44-19-1 (கடைசி எண் சமனில் முடிந்த ஆட்டம்) எனச் சாதித்து, என்.எஃப்.எல். இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்கும் ஒருமுறை அணியைக் கொண்டுசென்றார். பீட் கேரல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து சியாட்டில் சென்று சூப்பர் பவுலையே வென்றார். ஆனால் ஹார்பா என்.எஃப்.எல்.லில் நெடுங்காலம், தாக்குதலை நடத்தும் குவார்டர்பேக்காக ஆடி, ரெய்டர்ஸ் அணியில் உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தவர்; கேரல் அதற்கு முன்பே இரண்டு என்.எஃப்.எல். அணிகளுக்குத் தலைமை தாங்கியவர். முன்னனுபவம் இருந்தால் வெற்றி நிச்சயம் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. சேபனுக்கும் கிளீவ்லாந்தில் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த அனுபவம் உண்டு. எனினும் ஃப்ரீமன் என்.எஃப்.எல்.லில் ஒருநாளும் பயிற்சியளித்ததில்லை என்பதை ஒதுக்கிவைக்க இயலாது.

சேபனின் அனுபவம் இதைவிட நுட்பமான ஒன்றைச் சொல்கிறது. 2006இல் தோள் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த குவார்டர்பேக் ட்ரூ பிரீஸைச் சேபன் விரும்பினார். ஆனால் அணியின் மருத்துவர்கள் அந்தத் தோளை நம்பவில்லை. அணி டான்டே கல்பெப்பரை வாங்கியது. பிரீஸ் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் அந்நகருக்குச் சூப்பர் பவுலை வென்று தந்தார். சேபன் அந்தப் பருவம் முடிந்ததும் கல்லூரிக் கால்பந்துக்கே திரும்பி, அலபாமாவில் ஆறு தேசியப் பட்டங்களை வென்றார். தொழில்முறை அணியில் குவார்டர்பேக் யார் என்பதே பயிற்சியாளரின் ஆயுளை முடிவுசெய்கிறது. அந்த முடிவு பல சமயம் அவர் கையில் இருப்பதில்லை. பொது மேலாளர், உரிமையாளர், மருத்துவர், சம்பள உச்சவரம்பு என்று பலரும் பலவும் அதில் பங்கு கொள்கின்றன.

நோட்டர் டேமில் ஃப்ரீமனின் நிலை இதற்கு நேர்மாறானது. 2023க்கு வேக் ஃபாரஸ்டிலிருந்து சாம் ஹார்ட்மன், 2024க்கு டியூக்கிலிருந்து ரைலி லெனர்ட் என இரு குவார்டர்பேக்குகளை அவர் வேறு கல்லூரிகளிலிருந்து அழைத்துவந்தார். 2025இல் பள்ளியிலிருந்தே தேர்ந்தெடுத்து வளர்த்த சி.ஜே. கார் பொறுப்பேற்றார். அவருடைய தலையாய திறமை வீரர்களைச் சேர்ப்பதும், சேர்ந்தவர்கள் அவருக்காக உழைக்கும்படி நடந்துகொள்வதும். கல்லூரிக் கால்பந்தில் இந்தத் திறமைக்கு நேரடி விலை உண்டு: நன்றாக ஆள் சேர்ப்பவர் பருவத்தின் பன்னிரண்டு ஆட்டங்களில் எட்டையோ ஒன்பதையோ எதிரணியைவிடச் சிறந்த வீரர்களுடன் தொடங்கலாம். என்.எஃப்.எல். அந்த அனுகூலத்தைத் திட்டமிட்டே அழிக்கிறது. 32 அணிகளுக்கும் ஒரே சம்பள வரம்பு, 2025இல் 27.92 கோடி டாலர். டிராஃப்டில் மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு. பதினெட்டு வயது இளைஞரின் தாயை நம்பவைக்கும் வல்லமைக்கு அங்கே வேலையே இல்லை. ஒருவரிடம் உள்ள மிகச் சிறந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு வரச் சொல்லும் வேலை, சம்பளம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அவருக்கு ஏற்ற வேலையாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வழியான வேறு கல்லூரியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவர் படித்த ஓஹையோ ஸ்டேட் மட்டுமே அவரை உண்மையில் அசைக்கக்கூடிய இடம். அங்கே தலைமைப் பயிற்சியாளர் ரயன் டே 2024 பருவத்தின் தேசியப் பட்டத்தை வென்று உறுதியாக அமர்ந்திருக்கிறார். மற்றவை எல்லாம் பணத்தை மட்டும் காட்டும் அழைப்புகள். அப்படியோர் அழைப்பின் விளைவு கண்முன்னே இருக்கிறது: நோட்டர் டேமில் பட்டம் வெல்லும் வசதி போதாது என்று கருதி லூசியானா ஸ்டேட்டுக்குப் போனதாகப் பலரும் பேசிய கெல்லி, பத்தாண்டு ஒப்பந்தத்தின் நான்காவது பருவத்தில், 2025 அக்டோபரில், நீக்கப்பட்டார். அவர் விட்டுவிட்டுப் போன அணியோ இதற்கிடையில் இறுதிப்போட்டியில் ஆடிவிட்டது.

நோட்டர் டேமில் நீடிப்பதிலும் இடர்கள் இருக்கின்றன. அவற்றை மறைத்துப் பரிந்துரை செய்வது முறையாகாது. அந்தப் பல்கலைக்கழகம் கடைசியாகத் தேசியப் பட்டம் வென்றது 1988இல். ஃபிராங்க் லேஹி 1943இலும், ஏரா பார்சீகியன் 1966இலும், டேன் டிவைன் 1977இலும், லூ ஹோல்ட்ஸ் 1988இலும் தத்தம் மூன்றாவது பருவத்தில் பட்டம் வென்றவர்கள். ஃப்ரீமனின் மூன்றாவது பருவம் 2024, இறுதிப்போட்டியோடு நின்றது. அந்த நால்வரோடு ஒப்பிட்டே அவரை ரசிகர்கள் பார்ப்பார்கள். ஆண்டு கூடக்கூட அந்தப் பார்வை கடுமையாகும். டைரோன் வில்லிங்கம் 2002இல் முதல் பருவத்தை 10-3 என முடித்தும் மூன்றாண்டுகளில் வெளியேற்றப்பட்டார். சார்லி வைஸுக்கு 2005இல் முதல் பருவத்தின் நடுவிலேயே பத்தாண்டு நீட்டிப்புத் தந்தார்கள். 2009 முடிவில் அவரும் நீக்கப்பட்டார். ஆகவே இந்த நிர்வாகம் எப்போதும் பொறுமையானது என்று சொல்ல வரலாறு இடந்தராது. ஃப்ரீமனிடம் பொறுமையாக இருந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லலாம்.

கல்லூரி அணிகள் தமக்குள் சேர்ந்து ஆடும் எந்தக் கால்பந்துக் கூட்டமைப்பிலும் சேராமல் தனித்து நிற்கும் கொள்கையும் இருமுனைக் கத்திதான். 1991 முதல் என்.பி.சி. தொலைக்காட்சியோடு தனி ஒப்பந்தம், நாடெங்கும் ஆடும் உரிமை என்று அதனால் வரும் பலன் பெரிது. ஆனால் கூட்டமைப்புப் பட்டத்துக்கான ஆட்டம் இல்லாததால் டிசம்பர் முதல் வாரத்தில் தன்னை நிரூபிக்க அந்த அணிக்கு ஒரு மேடையும் இல்லை; 2025இல் அதன் விலையைக் கொடுத்தார்கள். 2026 பருவத்திலிருந்து, இறுதித் தரவரிசையில் முதல் 12 இடங்களுக்குள் வந்தால் நோட்டர் டேமுக்கு பிளேஆஃப் இடம் உறுதி என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வருகிறது. 2025இல் 11ஆம் இடத்தில் இருந்து வெளியேறிய அணிக்கு இது சாதாரண மாற்றம் அன்று. என்.எஃப்.எல். பக்கம் அவரைத் தள்ளக்கூடிய மிக வலுவான காரணம் இதனால் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

2025 முடிவில் அவருடைய கணக்கு 43 வெற்றி, 12 தோல்வி. கல்லூரிக் கால்பந்தின் உயர்பிரிவில் எந்தக் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரும் இதுவரை தேசியப் பட்டம் வென்றதில்லை. அந்த வாசலுக்கு மிக அருகில் போய் நின்றவர் ஃப்ரீமன்தான். அந்தப் பட்டத்தை வெல்ல இன்றைக்கு அவரைவிட நல்ல இடத்தில் இருப்பவர் எவரும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. நாற்பது வயதில் ஓர் என்.எஃப்.எல். அணிக்குப் போய், தான் தேர்ந்தெடுக்காத குவார்டர்பேக்கோடு இரண்டரை ஆண்டுகளில் நீக்கப்பட்டால், அவர் திரும்பி வருகையில் நோட்டர் டேமில் வேறொருவர் அமர்ந்திருப்பார். நாற்பத்தைந்து வயதில் பட்டத்தோடு போனால், பொது மேலாளரைத் தேர்ந்தெடுப்பதில்கூட அவர் சொல் எடுபடும். என்.எஃப்.எல். கதவு அவருக்கு இப்போது மட்டுமே திறந்திருக்கிறது என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். 2010இல் கேரல் சியாட்டிலுக்குப் போனபோது அவருக்கு 58 வயது.

இந்த முடிவை மாற்றக்கூடிய சூழல் ஒன்று உண்டு. இளம் வயதில் நிலைபெற்றுவிட்ட குவார்டர்பேக், வீரர் தேர்வில் பயிற்சியாளருக்கு எழுத்தில் தரப்பட்ட பங்கு, அவசரப்படாத உரிமையாளர் ஆகிய மூன்றும் ஒரே அணியில் கூடிவந்து அழைத்தால், அவர் நிச்சயம் உட்கார்ந்து பேச வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மறுத்துவிட வேண்டும். அப்படியோர் அழைப்பு வரும்வரை, தன் பெயர் அடிபடும் ஒவ்வொரு ஜனவரியையும் நோட்டர் டேமிடம் தனக்கான சம்பள உயர்வு கேட்பதற்கு மட்டும் அவர் பயன்படுத்தக் கூடாது. தற்காப்பை மூன்று பருவங்கள் வழிநடத்திய ஆல் கோல்டன் இறுதிப்போட்டி முடிந்த கையோடு என்.எஃப்.எல்.லுக்குப் போனார், 2025இல் புதிய ஒருங்கிணைப்பாளர் கிறிஸ் ஆஷின் தற்காப்பு நிலைகொள்ளும் முன்பே டெக்சஸ் ஏ அண்டு எம்மிடம் 41 புள்ளிகள் கொடுத்து ஓர் ஆட்டம் பறிபோயிருந்தது. ஒருங்கிணைப்பாளர்களைப் பல ஆண்டுகள் தக்கவைக்கும் அளவுக்கு ஊதிய நிதியையும், வீரர்களுக்கான வருவாய்ப் பங்கை உச்சவரம்பு வரை வழங்குவோம் என்ற உறுதியையும் அவர் முதலில் கேட்டு வாங்க வேண்டும்.